தூசு மூடிய தொலைதூர கேலக்ஸியில் விண்மீன் பிறப்பைக் கணக்கிடுவது எப்படி

போகி அன்று விடிகாலையில் சென்னையில் சூரியன் சிவப்பாகத்தான் எழும். பழைய பாயும் டயரும் எரிந்த புகை தெருவை மூடியிருக்கும். அதற்காகச் சூரியனுக்கு வயதாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் புகை இருப்பது நமக்குத் தெரியும். தொலைவில் உள்ள ஒரு கேலக்ஸி சிவப்பாகத் தெரிந்தால் அந்த வசதி கிடையாது. அதன் விண்மீன்கள் வயதானவையா, இளம் விண்மீன்களைத் தூசு மறைத்திருக்கிறதா என்பதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விழுங்கிய புற ஊதா ஒளியைத் தூசு வெப்பமாக்கித் தொலை அகச்சிவப்பில் திருப்பி உமிழ்கிறது. அந்த வெப்பத்தையும் அளந்தால்தான் கணக்கு நேராகும்.

1997, 98ஆம் ஆண்டுகளில் ஹவாயின் மௌனா கியா உச்சியில் இருக்கும் 15 மீட்டர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் ஸ்கூபா என்ற கருவியைப் பொருத்தி 850 மைக்ரானில் பார்த்தபோதுதான் இத்தகைய கேலக்ஸிகள் கும்பலாகத் தென்பட்டன. நம் பால்வெளியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. இவற்றில் அது சில நூறு, சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டும்.

இந்தக் குறிப்பு எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கும், பைத்தான் ஓரளவு தெரிந்து பொதுத் தரவைத் தோண்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கும். தொலைநோக்கி எதுவும் வேண்டாம். கடலோரச் சென்னையின் ஈரக்காற்றுக்குள் 850 மைக்ரான் அலை நுழையவே நுழையாது என்பதால், வீட்டு மாடியில் என்ன வைத்திருந்தாலும் பயனில்லை. காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் இது வேலை இல்லை. தேவை ஒரு லேப்டாப், நல்ல இணையம், பொறுமை.

கிடைக்கப்போவது மூன்று எண்கள்: விண்மீன் பிறப்பு வீதம், விண்மீன்களின் மொத்த நிறை, விண்மீன்களின் வயது. நம்பகத்தன்மையும் அதே வரிசையில்தான் இறங்கும். தொலை அகச்சிவப்புத் தரவு இருந்தால் பிறப்பு வீதம் நன்றாகவே கிடைக்கும். நிறை இரண்டு மடங்கு இப்படி அப்படி இருக்கும். வயதைப் பெரும்பாலும் நாமே உள்ளே போட்டு நாமே வெளியே எடுக்கிறோம். மென்பொருள் மூன்றையும் ஒரே மாதிரி மூன்று தசம இடத்தோடு அச்சிட்டுத் தரும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

எந்தப் புள்ளியை எடுப்பது

முதல் தப்பு இங்கேதான் நடக்கும். ஸ்கூபா வகைக் கருவிகள் 850 மைக்ரானில் பார்க்கும் ஒரு புள்ளி ஏறக்குறைய 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) அகலம். ஹெர்ஷல் விண்கலத்தின் ஸ்பையர் கருவிக்கு 250, 350, 500 மைக்ரானில் முறையே 18, 25, 36 ஆர்க்செகண்ட். ஜேம்ஸ் வெப் படத்தில் 15 ஆர்க்செகண்ட் வட்டம் போட்டால் உள்ளே டஜன் கணக்கில் கேலக்ஸிகள் இருக்கும். நடுவில் பளிச்சென்று தெரிவதை எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறான ஆளைத்தான் பிடித்திருப்பீர்கள். உண்மையான ஆள் பல நேரம் ஹப்பிள் படத்தில் இருக்கவே மாட்டார்.

எனவே நடுவில் ஒரு படி வேண்டும். சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி வரிசையின் தொடர் உமிழ்வுப் படம், இல்லாவிட்டால் அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ வரிசையின் படம். இரண்டிலும் இடம் ஒரு ஆர்க்செகண்டுக்குள் தெரியும். முதலில் 850 மைக்ரான் புள்ளிக்குள் அல்மா மூலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த அல்மா இடத்திலிருந்து 0.5 முதல் 1 ஆர்க்செகண்டுக்குள் ஒளியியல் பட்டியலோடு பொருத்துங்கள். அட்டவணைகளைப் பொருத்த டாப்கேட் என்ற மென்பொருள் போதும். ஒரே 850 மைக்ரான் புள்ளிக்குள் இரண்டு மூன்று அல்மா மூலங்கள் இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் மொத்தப் பாயத்தையும் (நம்மை வந்தடையும் ஒளியின் அளவு) ஒருவர் தலையில் கட்டக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் காஸ்மாஸ் புலம் நல்லது. இரண்டு சதுர டிகிரி வானம், எக்ஸ்-கதிர் முதல் ரேடியோ வரை எல்லாத் தரவும் இலவசம். அதன் நடுப்பகுதியில் 0.54 சதுர டிகிரியை வெப் தொலைநோக்கி நான்கு வடிகட்டிகளில் எடுத்திருக்கிறது: எஃப்115டபிள்யூ, எஃப்150டபிள்யூ, எஃப்277டபிள்யூ, எஃப்444டபிள்யூ. அதில் ஒரு பகுதிக்கு 7.7 மைக்ரானும் உண்டு. அல்மா தரவுக்கு அதன் காப்பகத்திலேயே தேடலாம்.

அடுத்தது செம்பெயர்ச்சி, அதாவது பிரபஞ்சம் விரிவதால் கேலக்ஸியின் ஒளி அலை எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு. நிறமாலையிலிருந்து எடுத்தது இருந்தால் அதுதான். இல்லாமல் வடிகட்டி நிறங்களிலிருந்து ஊகித்ததை எடுத்தால், தூசு கேலக்ஸிகளில் அது காலை வாரிவிடும். 2022இல் செம்பெயர்ச்சி 16 என்று பரபரப்பாகப் பேசப்பட்ட சீயர்ஸ்-93316 கேலக்ஸிக்கு மறு ஆண்டு வெப்பின் நிறமாலை வந்தபோது கிடைத்தது 4.9. வலுவான உமிழ்வுக் கோடுகளும் சிவந்த நிறமும் சேர்ந்து ஆளை மாற்றிக் காட்டிவிட்டன.

அல்மாவில் கார்பன் மோனாக்சைடு கோடு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் முடிவு கட்ட முடியாது. 98.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு கோடு தெரிகிறது என்று வையுங்கள். அது 3-2 மாற்றமானால் (மூலக்கூறு 3ஆம் சுழற்சி நிலையிலிருந்து 2க்கு இறங்குவது) செம்பெயர்ச்சி 2.5, 4-3 ஆனால் 3.67, 2-1 ஆனால் 1.33. இரண்டாவது கோடு வேண்டும், அல்லது நிறத்திலிருந்து வரும் ஊகம் இவற்றில் ஒன்றை மட்டும் ஆதரிக்க வேண்டும்.

500 மைக்ரானில் 100 மில்லிஜான்ஸ்கிக்கு (ஜான்ஸ்கி என்பது பாயத்தின் அலகு) மேல் பிரகாசமாக ஒன்று கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அருகிலுள்ள சுழல் கேலக்ஸிகளையும் பிளேசார்களையும் (நம்மை நோக்கிப் பீய்ச்சும் கருந்துளைகள் கொண்ட கேலக்ஸிகள்) கழித்துவிட்டால், அந்தப் பிரகாசத்தில் மிஞ்சுவதில் பெரும்பாலானவை ஈர்ப்பு வில்லையால் பெரிதாக்கப்பட்டவை. முன்னால் நிற்கும் வில்லைக் கேலக்ஸியின் ஒளியை நம் கேலக்ஸியின் விண்மீன் நிறை என்று எழுதிவிடும் அபாயம் உண்டு. முதல் ப்ராஜெக்ட்டில் இவற்றைத் தொடாமல் விடுவது நல்லது.

மென்பொருளுக்கு முன் கையால் ஒரு கணக்கு

நேராக மென்பொருளுக்குப் போகாதீர்கள். ஒரு தாளில் இதைப் போட்டுப் பார்த்தால் எந்த எண் எதைச் சார்ந்திருக்கிறது என்று கைக்குப் பழகிவிடும்.

செம்பெயர்ச்சி 2.5, 850 மைக்ரானில் பாயம் 5 மில்லிஜான்ஸ்கி. இது மிகச் சாதாரணமான எடுத்துக்காட்டு. பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹப்பிள் மாறிலி 70, பருப்பொருள் பங்கு 0.3 என்றால் ஒளிர்வுத் தொலைவு ஏறக்குறைய 20.4 கிகாபார்செக், அதாவது 6.3 × 10²⁶ மீட்டர். நாம் 850 மைக்ரானில் பார்ப்பது அங்கே 3.5ஆல் வகுத்து 243 மைக்ரானில் கிளம்பியது.

தூசு நிறைக்கான சூத்திரம் எளிது. பாயத்தைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கி, அதை மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும்: ஒன்று கூட்டிய செம்பெயர்ச்சி, அந்த அலைநீளத்தில் தூசின் உட்கவர் கெழு, அந்த வெப்பநிலையில் பிளாங்க் சார்பின் மதிப்பு. உட்கவர் கெழுவுக்கு 850 மைக்ரானில் கிலோவுக்கு 0.077 சதுர மீட்டர் என்பது பரவலாகப் புழங்கும் மதிப்பு. அலைநீளத்தின் இருபடிக்குத் தலைகீழாக அது மாறுகிறது என்று எடுத்தால் 243 மைக்ரானில் 0.94.

தூசின் வெப்பநிலை 35 கெல்வின் என்று வையுங்கள். பிளாங்க் மதிப்பு எஸ்ஐ அலகில் 6.25 × 10⁻¹⁵. தூசு நிறை 48 கோடி சூரிய நிறை. இந்தத் தூசு உமிழும் மொத்த அகச்சிவப்பு ஒளிர்வு 5.3 லட்சம் கோடி சூரிய ஒளிர்வு. சாப்ரியே நிறைப் பரவலை (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற பங்கீடு) எடுத்தால் பத்தாயிரம் கோடி சூரிய ஒளிர்வுக்கு ஆண்டுக்கு 10 சூரிய நிறை என்பது கென்னிகட் விதியின் சுருக்க வடிவம். அதன்படி ஆண்டுக்கு 530 சூரிய நிறை.

இப்போது வெப்பநிலையை மட்டும் 25 கெல்வின் ஆக்குங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம். தூசு நிறை இரட்டிப்பாகி 106 கோடி. ஒளிர்வோ 1.5 லட்சம் கோடியாக இறங்கிவிடும். பிறப்பு வீதம் 150தான்.

பாயம் அதே 5 மில்லிஜான்ஸ்கி. பத்து கெல்வின் ஊகத்தில் 530, 150 ஆகிறது. செம்பெயர்ச்சி 2.5இல் பத்தாயிரம் கோடி சூரிய நிறை விண்மீன்கள் கொண்ட சராசரி கேலக்ஸிக்கு ஆண்டுக்கு 200 சூரிய நிறைக்குச் சற்றுக் குறைவாக எதிர்பார்க்கலாம். அப்படியானால் முதல் கணக்கில் நம்முடையது சராசரியைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேகம், இரண்டாவதில் சராசரிக்கும் கீழே. வாயுவைத் தூசைப்போல் நூறு மடங்கு என்று எடுத்தால் முதல் கணக்கில் 9 கோடி ஆண்டில் வாயு தீர்ந்துவிடும், இரண்டாவதில் 70 கோடி ஆண்டு ஓடும். ஒற்றை 850 மைக்ரான் அளவை வைத்து "ஸ்டார்பர்ஸ்ட்" (விண்மீன் பிறப்பு வெடிப்பு) என்று தலைப்புப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே விளங்கும்.

வெப்பநிலையைப் பிடிக்க எந்த அலைநீளம் உதவும்? அதையும் இதே தாளில் போடலாம். 35 கெல்வின் தூசு 500 மைக்ரானில் 19 மில்லிஜான்ஸ்கி காட்டும், 25 கெல்வின் தூசு 12.5. ஹெர்ஷல் ஸ்பையரின் நெரிசல் இரைச்சலே (ஒரே புள்ளிக்குள் பல கேலக்ஸிகள் குவிவதால் வருவது) 6 மில்லிஜான்ஸ்கி சுமார் என்பதால் இந்த வித்தியாசம் அதில் கரைந்துவிடும். 250 மைக்ரானில் கதை வேறு. 35 கெல்வினுக்கு 32 மில்லிஜான்ஸ்கி, 25 கெல்வினுக்கு வெறும் 7. முன்னது தெளிவாகத் தெரியும், பின்னது தெரியவே தெரியாது. ஆகவே 250 மைக்ரானில் "தெரியவில்லை" என்பதும் நல்ல தகவல்தான். அதை அட்டவணையிலிருந்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். பாதிப் பேர் செய்வது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. மேலே போட்ட கணக்கு தூசு ஒளிபுகும் அளவுக்கு மெல்லியது என்று எடுத்துக்கொண்டது. இந்த கேலக்ஸிகளின் மையம் பல நேரம் ஒன்றிரண்டு கிலோபார்செக் ஆரத்துக்குள் நெருங்கிக் கிடக்கும். அங்கே 100 மைக்ரானில்கூடத் தூசு ஒளிபுகாமல் இருக்கலாம். அப்போது மெல்லிய தூசுக் கணக்கு தருவது உண்மையைவிடக் குறைந்த வெப்பநிலை.

அட்டவணை தயாரிப்பு

சிகேல் என்ற பைத்தான் மென்பொருளை இங்கே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் மார்சேய் நகர ஆய்வகத்தில் வளர்ந்தது, இலவசம். விண்மீன்களிடமிருந்து தூசு எவ்வளவு ஆற்றலை விழுங்கியதோ அவ்வளவையே அகச்சிவப்பில் உமிழ வேண்டும் என்ற வரவு-செலவுக் கணக்கின் மேல் நிற்பது. மளிகைக் கடை நோட்டு மாதிரிதான், இரண்டு பக்கமும் சரியாக வர வேண்டும்.

அதற்குக் கொடுக்கும் அட்டவணையில் பெயர், செம்பெயர்ச்சி, பிறகு ஒவ்வொரு வடிகட்டிக்கும் பாயமும் பிழையும். எல்லாம் மில்லிஜான்ஸ்கியில். ஒளியியல் பட்டியல்கள் பல மைக்ரோஜான்ஸ்கியில் இருக்கும், தொலை அகச்சிவப்புப் பட்டியல்கள் மில்லிஜான்ஸ்கியில். ஆயிரத்தால் வகுக்க மறந்தால் விண்மீன் நிறை ஆயிரம் மடங்கு ஏறும். பால்வெளியைப்போல் ஆயிரம் மடங்கு நிறையோடு ஒரு கேலக்ஸி வந்து நின்றால் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள், அலகைப் பாருங்கள். ஏபி பிரகாச அளவிலிருந்து (எண் கூடினால் மங்கல் என்ற மடக்கை அளவுகோல்) மாற்ற, 23.9 பிரகாசம் ஒரு மைக்ரோஜான்ஸ்கி என்பதை மனத்தில் வைத்தால் போதும். 25 பிரகாசம் 0.363 மைக்ரோஜான்ஸ்கி. வேகா என்ற இன்னொரு பிரகாச அளவுகோலில் இருப்பதை ஏபி என்று நினைத்துப் போட்டால் அண்மை அகச்சிவப்பில் ஒன்று முதல் இரண்டு பிரகாச அளவு வரை தவறு வரும்.

தரவு இல்லாத கட்டத்தில் -9999 போடுங்கள். சுழியம் போட்டால் அது "பாயம் சுழியம்" என்ற அளவீடாகிவிடும். தெரியவில்லை என்ற மேல் வரம்பைப் பிழை நிரலில் எதிர்மறை எண்ணாகக் கொடுக்கலாம். ஆனால் அளந்த பாயமும் உண்மைப் பிழையும் கிடைக்கிறது என்றால், குறைவாக இருந்தாலும், பாயம் எதிர்மறையாகவே இருந்தாலும், அதையே கொடுப்பது மேல். வரம்பு என்று சுருக்கினால் தகவல் போய்விடும்.

பாயங்கள் எல்லாம் மொத்தப் பாயமாக இருக்க வேண்டும். 2 ஆர்க்செகண்ட் வட்டத்தில் அளந்த ஒளியியலையும், முழுக் கேலக்ஸியையும் விழுங்கும் ஹெர்ஷல் பாயத்தையும் ஒரே வரியில் வைத்தால் வரவும் செலவும் ஒத்துப்போகாது. மென்பொருள் அதைத் தூசைக் கூட்டிச் சரிக்கட்டிவிடும். பால்வெளியின் தூசுக்கான திருத்தம் செய்தாயிற்றா என்பதையும் பட்டியலின் விளக்கத்தில் பாருங்கள். ஹெர்ஷல் பாயத்துக்கு, 24 மைக்ரான் அல்லது அல்மா இடங்களை முன்தகவலாக வைத்துப் பிரித்த பட்டியலையே எடுங்கள். எக்ஸ்ஐடி ப்ளஸ் முறையில் பிரித்தவை பல புலங்களுக்குக் கிடைக்கின்றன. பிரிக்காத 500 மைக்ரான் பாயத்தை ஒருபோதும் அப்படியே போடாதீர்கள். 36 ஆர்க்செகண்டுக்குள் இருக்கும் அத்தனை பேரும் அதில் பங்கு போட்டிருப்பார்கள்.

மாதிரிகளைத் தேர்ந்தெடுத்தல்

சிகேலைத் தனிக் கோண்டா சூழலில் நிறுவுங்கள். மற்ற வேலைக்கு வைத்திருக்கும் பைத்தானில் கலந்தால் நூலக மோதலில் ஒரு நாள் போய்விடும். கட்டளைகள் நான்கு: இனிட், ஜென்கான்ஃப், செக், ரன். ஒவ்வொன்றுக்கும் முன் பிசிகேல் என்று வரும். முதலாவது வெறும் அமைப்புக் கோப்பைத் தரும். அதில் தரவுக் கோப்பின் பெயரையும் வேண்டிய கூறுகளின் (மாட்யூல்களின்) பெயரையும் எழுதியபின் இரண்டாவது கட்டளை எல்லா மாறிகளையும் விரித்துத் தரும். மூன்றாவது தப்பு தேடும், எத்தனை மாதிரிகள் என்றும் சொல்லும். அந்த எண்ணைப் பார்க்காமல் நான்காவதைத் தட்டாதீர்கள்.

பிறப்பு வரலாற்றுக்கு, தாமதமாக ஏறி மெல்ல இறங்கும் ஒரு முதன்மைப் பகுதியும் அதன்மேல் அண்மைக்கால வெடிப்பு ஒன்றும் உள்ள கூறு இந்த கேலக்ஸிகளுக்குப் பொருந்தும். செம்பெயர்ச்சி 2.5இல் பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 260 கோடி ஆண்டுதான் என்பதை மறக்காதீர்கள். முன்னிருப்பாக வரும் 500 கோடி ஆண்டு போன்ற எண்களை விட்டுவைத்தால் அந்த மாதிரிகள் எல்லாம் வீண். முதன்மை வயதுக்கு 500, 1000, 1500, 2300 மில்லியன் ஆண்டு. மங்கும் காலத்துக்கு 300, 1000, 3000. வெடிப்பின் வயதுக்கு 10, 30, 50, 100. வெடிப்பில் உண்டான நிறையின் பங்குக்கு 0, 0.05, 0.1, 0.2, 0.4. இது தொடங்குவதற்குப் போதும், 240 சேர்க்கை.

விண்மீன் தொகுதிக்கு ப்ரூசுவால்-சார்லோ 2003 நூலகம், சாப்ரியே நிறைப் பரவல், சூரியனின் உலோகச் செறிவு ஒன்று மட்டும். உலோகச் செறிவை அகலப் பட்டை வடிகட்டிகளால் பிடிக்க முடியாது. நான்கு மதிப்பு கொடுத்தால் நேரம் நான்கு மடங்காகும், பலன் ஒன்றுமில்லை.

தூசு மறைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். எந்த அலைநீளத்தைத் தூசு எவ்வளவு மறைக்கும் என்று சொல்லும் கால்செட்டி வளைவின் அடிப்படையிலான கூறில், உமிழ்வுக் கோடுகளுக்கான நிற மிகுதி (தூசு எவ்வளவு சிவக்க வைத்தது என்ற அளவு) முன்னிருப்பாக 0.3 என்று இருக்கும். அது சாதாரணக் கேலக்ஸிக்கு. நம்முடையவற்றில் கட்புல மறைப்பு 3 பிரகாச அளவு என்பது இயல்பு. 3ஐ அந்த வளைவுக்குரிய 4.05ஆல் வகுத்தால் விண்மீன்களுக்கான நிற மிகுதி 0.74. விண்மீன்களுக்கானது கோடுகளுக்கானதில் 0.44 பங்கு என்பதால் கோடுகளுக்கு 1.68. ஆகவே பட்டியல் 0.3இல் தொடங்கி 2.5 வரையாவது போக வேண்டும், பத்து மதிப்புகள். விடைகள் எல்லாம் பட்டியலின் கடைசி மதிப்பில் போய் முட்டி நின்றால் பட்டியல் குட்டை என்று அர்த்தம்.

வளைவின் சரிவுக்கும் மூன்று மதிப்பு கொடுங்கள். தூசும் விண்மீனும் கலந்து கிடக்கும்போது வளைவு தட்டையாகிவிடும். புகைக்கு இந்தப் பக்கம் ஒரு தெருவிளக்கு, அந்தப் பக்கம் ஒரு தெருவிளக்கு என்றால் நம் கண்ணுக்கு வருவது பெரும்பாலும் முன்னால் இருப்பதன் ஒளிதான். அதில் சிவப்பு ஏறியிருக்காது. பின்னால் இருப்பது கணக்கிலேயே வராது. தட்டை வளைவு அதே நிறத்துக்கு அதிகத் தூசை அனுமதிக்கும், விண்மீன் நிறையையும் கணிசமாகக் கூட்டும்.

தூசு உமிழ்வுக்கு ட்ரெய்ன்-லீயின் 2014 கூறு. குறைந்தபட்சக் கதிர்வீச்சுச் செறிவுக்கு 5, 10, 20, 35, 50 கொடுங்கள். பால்வெளி அளவான 1ஐ மட்டும் விட்டுவைத்தால் தூசு குளிர்ந்தே வரும். நறுமணக் கரிமச் சேர்மங்களின் பங்குக்கு இரண்டு, வெப்பத் தூசின் பங்குக்கு இரண்டு.

பெருக்கிப் பாருங்கள்: 240, தூசு மறைப்பில் 30, உமிழ்வில் 20. மொத்தம் 1,44,000, அதுவும் ஒவ்வொரு செம்பெயர்ச்சிக்கும். நூறு கேலக்ஸிகளுக்கு நூறு வேறு செம்பெயர்ச்சி என்றால் 1.44 கோடி. செம்பெயர்ச்சியை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கும் வசதி உண்டு, அதை அப்படியே வையுங்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப்பில் பாதியில் நின்றுபோனால் பிளாக்ஸ் என்ற மாறியைக் கூட்டுங்கள், வேலையைத் துண்டாக்கிச் செய்யும். கோர்களின் எண்ணிக்கையில் ஒன்றை விட்டுவையுங்கள். மே மாதச் சென்னை மதியத்தில் எல்லாக் கோரையும் முடுக்கினால் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐந்து கேலக்ஸிகளை வைத்துச் சோதனை ஓட்டம் பார்த்துவிட்டு, முழு ஓட்டத்தை இரவில் யுபிஎஸ்ஸில் விடுவது புத்திசாலித்தனம்.

விடையைப் படிப்பது

ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வடிவம் வரும்: மிகப் பொருத்தமான ஒற்றை மாதிரியின் மதிப்பு, எல்லா மாதிரிகளையும் எடைபோட்ட பேயஸ் மதிப்பு. இரண்டாவதை எடுங்கள். இரண்டும் வெகுவாக விலகினால் அந்தக் கேலக்ஸியின் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

சுருக்கிய கை-வர்க்கம் (மாதிரி தரவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) 1க்குக் கீழே வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. சிகேல் முன்னிருப்பாகவே ஒவ்வொரு பாயத்துக்கும் 10 சதவீதம் பிழை சேர்க்கிறது. அதனால் ஒளியியலில் கை-வர்க்கம் தானாகக் குறையும். எங்கே விலகுகிறது என்பதுதான் முக்கியம். ஒளியியலும் அகச்சிவப்பும் தனித்தனியே நன்றாக இருந்து, 24 மைக்ரான் மட்டும் மேலே துள்ளினால் இரண்டு சந்தேகம் வர வேண்டும். செம்பெயர்ச்சி 2 அருகே 7.7 மைக்ரான் கரிமச் சேர்மக் கோடு சரியாக 24 மைக்ரான் வடிகட்டிக்குள் விழும், அது ஒன்று. கருந்துளை சூடாக்கிய தூசு இன்னொன்று. இரண்டாவதைச் சோதிக்க, விண்மீன்களின் 1.6 மைக்ரான் மேட்டைப் பாருங்கள். 2.5இல் அது 5.6 மைக்ரானில் விழும். மேடு தெளிவாக எழுந்து இறங்கினால் விண்மீன் ஒளி மேலோங்குகிறது. மேடே இல்லாமல் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் கருந்துளைக்கான கூறைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். சேர்க்காமல் விட்டால் கருந்துளையின் வெப்பம் முழுதும் விண்மீன் நிறையாகவும் பிறப்பு வீதமாகவும் எழுதப்பட்டுவிடும்.

பிறப்பு வீதத்தைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. தூசு ஒளிர்வை எடுத்து, மேலே சொன்ன சுருக்க விதியால் ஆண்டுக்கு இத்தனை என்று மாற்றி, மென்பொருள் தரும் 10 கோடி ஆண்டுச் சராசரிப் பிறப்பு வீதத்தோடு ஒப்பிடுங்கள். முப்பது சதவீதத்துக்குள் இருந்தால் சரி. மூன்று மடங்கு விலகினால், பிறப்பு ஏற்கெனவே அடங்கிய கேலக்ஸியில் பழைய விண்மீன்கள் தூசைச் சூடாக்குகின்றன, அல்லது வெடிப்பு மிக இளையது. கணநேரப் பிறப்பு வீதம் கண்டபடி குதித்திருக்கும். அறிக்கையில் கணநேர வீதத்தை எழுதாதீர்கள், 10 கோடி ஆண்டுச் சராசரியை எழுதுங்கள். அகச்சிவப்பு அறிந்து சொல்லக்கூடிய கால அளவு அதுதான்.

விண்மீன் நிறைக்குக் கேலக்ஸியின் சொந்த அலைநீளத்தில் 1 முதல் 2 மைக்ரான் வரை தரவு வேண்டும். செம்பெயர்ச்சி 2.5இல் 4.4 மைக்ரான் வடிகட்டி 1.26 மைக்ரானைத் தொடுகிறது, 7.7 மைக்ரான் 2.2ஐத் தொடுகிறது. ஹப்பிளின் 1.6 மைக்ரானோடு நின்றால் பார்ப்பது 0.46 மைக்ரான், அதாவது நீல ஒளி. அங்கே தூசு மறைத்ததன் மிச்சம்தான் தெரியும். இன்னொரு சிக்கல், இளம் விண்மீன்களின் வெளிச்சத்தில் பழையவை அமுங்கிப்போவது. கல்யாண மண்டபத்து சீரியல் விளக்குக்குப் பக்கத்தில் அகல் விளக்கை எண்ணச் சொன்னால் எப்படியோ அப்படி. முதன்மை வயதுக்குக் குறைந்தபட்சம் 500 மில்லியன் என்று மேலே கொடுத்ததற்குக் காரணமும் அதுதான். அதைவிடக் குறைத்தால் மென்பொருள் மொத்தத்தையும் இளம் விண்மீன்களாலேயே பொருத்திவிட்டு நிறையைக் குறைத்துச் சொல்லும்.

வயதுக்கு வருவோம். 2.5இல் பால்மர், 4000 ஆங்ஸ்ட்ராம் முறிவுகள் (வயதான விண்மீன்களின் ஒளி சட்டென்று குறையும் இடங்கள்) 1.28, 1.40 மைக்ரானில் விழும். வெப்பின் எஃப்115டபிள்யூவும் எஃப்150டபிள்யூவும் அந்த முறிவின் இரு கரையில் சரியாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையே கூர்மையான படி இருந்தால், சில பத்துக் கோடி ஆண்டு வயதான விண்மீன்கள் இருக்கின்றன என்று சொல்லலாம். தூசு மட்டுமே காரணமானால் நிறம் படியாக இல்லாமல் சரிவாக ஏறும். ஆனால் மறைப்பு 3 பிரகாச அளவுக்கு மேல் போனால் படி எது, சரிவு எது என்று தெரியாமல் கலங்கிவிடும். கேலக்ஸியின் தூசு ஒரு மூலையில், நமக்குத் தெரியும் விண்மீன்கள் இன்னொரு மூலையில் என்று அல்மா படமும் வெப் படமும் காட்டினால், வரவு-செலவுக் கணக்கே இரண்டு வேறு கடைகளின் நோட்டைச் சேர்த்தது போலாகிவிடும். அப்படிப்பட்ட கேலக்ஸிகளுக்கு வயது எழுதாமல் விடுங்கள்.

எந்த எண்ணை நம்பலாம் என்று சோதிக்க சிகேலிலேயே மாக் என்ற போலித்தரவுச் சோதனை இருக்கிறது, இயக்கிவிடுங்கள். பொருந்திய மாதிரியின் பாயங்களில் பிழைக்கேற்ப இரைச்சல் கலந்து மறுபடி பொருத்தி, உள்ளே போட்ட மதிப்பும் வெளியே வந்த மதிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று வரைபடமாகத் தரும். தூசு ஒளிர்வு கோட்டின்மேல் அச்சடித்ததுபோல் விழும். நிறை கொஞ்சம் அகன்று விழும். வெடிப்பின் வயதும் பங்கும் பெரும்பாலும் தட்டையான மேகமாக இருக்கும். அந்த மேகத்தைப் பார்த்தபிறகும் "வெடிப்பின் வயது 42 மில்லியன் ஆண்டு" என்று அறிக்கையில் எழுதினால் வைவா அறையில் மாட்டிக்கொள்வது நிச்சயம்.

வேறு ஆய்வின் எண்களோடு ஒப்பிடும்போது நிறைப் பரவலைப் பாருங்கள். சால்பீட்டர் என்றால் நிறையையும் பிறப்பு வீதத்தையும் 1.7ஆல் வகுத்தபின்தான் நம் சாப்ரியே எண்களோடு வைக்கலாம். க்ரூபா என்றால் சில சதவீத வித்தியாசம்தான், அப்படியே விடலாம். விடைக் கோப்புறையின் பெயரில் தேதியைச் சேர்த்து, அந்த ஓட்டத்துக்கான அமைப்புக் கோப்பின் நகலையும் அதற்குள்ளேயே போட்டுவையுங்கள். அது இல்லாத விடை அட்டவணையை மூன்று மாதம் கழித்துத் திறந்தால், எந்த வளைவு, எந்தப் பரவல் போட்டோம் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.